வாசற்படியும் ஒரு சாய்பலகையும்

எங்கள் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரு சாண் உயரத்துக்குப் படி. நடந்து போகிறவர்கள் கண்ணில் அது படவே படாது. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலி வந்த பிறகு அதுவே மலையாகிவிட்டது. நாற்காலியோடு அவரை இறக்க இரண்டு பேர் வேண்டும். என் கணவருக்குத் துவாஸில் தொழிற்சாலை ஷிஃப்ட் வேலை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு கிடைப்பதே இல்லை. வெள்ளி தவறாமல் தேக்காவில் கோயிலுக்குப் போன மாமியார், சன்னல் வழியே காரிடாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

மடக்கும் அலுமினியச் சாய்பலகை ஒன்றை வாங்கி வந்து படிமேல் சாய்த்தேன். தூக்க வேண்டியதைச் சரிவில் தள்ளு, பாதி பாரம் போய்விடும். எளிய இயந்திரங்கள் என்று பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது கொட்டாவி விட்டவள் நான். இப்போது வெறும் நாற்காலியை ஒற்றைக் கையால் ஏற்றி இறக்கிக் காட்டினேன். பெருமை தாங்கவில்லை.

மாமியார் பலகையைப் பார்க்கவே இல்லை. வெள்ளிதோறும் படியில் பூசும், இப்போது அதற்கடியில் மறைந்துபோன மஞ்சள் குங்குமத்தைத்தான் பார்த்தார்.

"நெலப்படில மகாலட்சுமி இருக்கா. கால் படக்கூடாதுன்னு உன்கிட்டயே எத்தன தடவ சொல்லிருக்கேன். நான் சக்கரத்த ஏத்திட்டுப் போவேனா?"

சொல்லியிருக்கிறார்தான். புதுப்பெண்ணாக இதே வாசலில் நான் நின்றபோது, ஆரத்தித் தட்டோடு எதிரே நின்று, படியை மிதிக்காமல் வலது காலை எடுத்து வைத்து வா என்று சொன்னவரே அவர்தான்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. சாமி கோபித்துக்கொள்ளாது என்றேன், கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்றேன். அவர் பிடித்த பிடியை விடவில்லை. எரிச்சலோடு பலகையை மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.

அடுத்த வெள்ளி, பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்த்தேன். பாதியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்கும் கோயிலுக்குப் போக முடியவில்லை. அந்த வாரம் முழுக்க நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையாக வந்தது.

அதற்கடுத்த வெள்ளி காலையில் குளித்து முடித்ததும் மஞ்சள் குங்குமம் கேட்டார். வாசலுக்குத் தள்ளச் சொன்னார். படியிலிருந்த பழைய மஞ்சள் குங்குமத்தை என்னைத் துடைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்து நிலையிலும் தன் கைக்கு எட்டிய உயரத்தில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்.

"அவளுக்கும் வயசாச்சுலா. எத்தன காலம் கீழயே உட்காருவா? இனிமே இங்க இருக்கட்டும். நீ பலகையப் போடு."

எம்ஆர்டி ரயிலில் போனோம். நெடுநேரம் சந்நிதியில் இருந்தோம். மல்லிகைப்பூ வாங்கினோம், விலை அநியாயம் என்று வழியெல்லாம் புலம்பினார். புலம்பல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் பலகையை விரித்துத் தள்ளினேன். என் இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. சரிவின் உச்சியில், படிக்கு நேராக நாற்காலியை நிறுத்தினேன்.

"வலது கால எடுத்து வச்சு வாங்க அத்தை."

கேலியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் வலது முழங்காலைப் பிடித்து, பாதத்தைத் தூக்கிக்கொண்டார். நான் தள்ளினேன். படியைத் தாண்டிய பிறகுதான் காலை இறக்கினார்.