மார்கழியில் நின்ற ஹைட்சுங்

சமையலறை யன்னல் தட்டில் கிடந்த அந்தத் தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பதினான்காயிரத்துச் சொச்சம் யூரோ என்று கையால் எழுதிய ஓர் எண், அதற்குக் கீழே கையெழுத்துக்காக ஒரு வெறுங்கோடு, பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. நானும் கணவரும் குளிர்க்கோட்டைக் கழற்றாமல் நின்றோம். வாயைத் திறந்தால் புகை வந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் முதல் சொந்த வீட்டில் குடிபுகும் விழா, எங்கள் பேச்சில் குடிபூரல். எண்பது பேருக்குச் சொல்லியாயிற்று. வீட்டை வாங்கியபின் கையில் மிஞ்சியிருந்த காசு அந்த எண்பது பேரின் சாப்பாட்டுக்கே மட்டுமட்டு.

இந்தக் கதையை மச்சாளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. டுசல்டோர்ஃபில் ஒரு ஹைட்சுங் நிறுவனத்தில் இருபது வருடம் தொலைபேசி எடுத்தவர். ஹைட்சுங் என்பது, கெல்லர் என்று நாங்கள் சொல்லும் நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு வீடு முழுவதையும் சூடாக்கும் இயந்திரம். அது நின்றுவிட்டால் இந்த யேர்மன் நாட்டு மனிதர்கள் எப்படியெல்லாம் பதறுவார்கள், எதையெல்லாம் மறைப்பார்கள் என்பது மச்சாளுக்கு அத்துப்படி. எந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும் என்பது இன்றைய உண்மை. அந்த நாட்களில் அவர் வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவர் சொல்வது எப்போதும் சரியாக இருந்ததுதான் காரணம்.

வீட்டுத் திறப்புக்கொத்து எங்கள் கைக்கு வந்தபோது கார்த்திகை முடிய ஒரு வாரம் இருந்தது. வீட்டை விற்ற யேர்மன் அம்மா, தனி ஆளுக்கு இவ்வளவு படிகள் ஏறி இறங்க முடியாதென்று அடுத்த தெருவில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறியிருந்தார். மார்கழியில் குடிபோவதா என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கணவர் முதலில் சிரித்தார், பிறகு விட்டுக்கொடுத்தார். வாடகை வீட்டை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொண்டோம். மச்சாளுக்குச் சேதி போனது. அவர் மார்கழியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

“நீர் தையிலயே போம். ஆனா ஆளில்லாத வீடெண்டு ஹைட்சுங்கை நிப்பாட்டிப் போடாதேயும்.”

பெரிய கெட்டிக்காரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளே தனியாகப் போய், கெல்லர் படியின் தலைப்பிலிருந்த சிவப்பு சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். யாருமில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு? கணவரிடம் சொல்லவில்லை. மச்சாள் சொன்னதற்கு மாறாக ஒரு காரியம் செய்த சந்தோஷம் எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, துடைப்பமும் வாளியுமாகப் போனோம். இடையில் குளிர் ஒரு பிடி பிடித்திருந்தது. கணவர் காரிலிருந்து சாமான் இறக்குவதற்குள் நான் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். இயந்திரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியதோடு சரி. கணவர் கைத்தொலைபேசியில் தேடி ஏதோ ஓர் அவசர சேவையைக் கூப்பிட்டார். வந்தவர் கெல்லரில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. இருபத்திரண்டு வருட இயந்திரம், திருத்துவது வீண், இன்றைக்கே கையெழுத்திட்டால் வியாழக்கிழமை புதியது பொருத்தலாம் என்றார். தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று வெளியே தன் வான் வண்டியில் போய் இருந்துகொண்டார்.

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த அம்மா பழுதை மறைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டார், நாளைக்கே சட்டத்தரணியைப் பிடித்துக் கடிதம் போடுகிறேன், இந்தக் காசு முழுவதையும் அவரிடமே வாங்குகிறேன் என்று குதித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் அறியாத ஒரு மனுஷிக்குச் சட்டத்தரணியின் கடிதம் போகும். வாயைத் திறந்தால் மச்சாள் வென்றுவிடுவார். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து நான் நிறுத்துப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கணவர் பேனாவை எடுத்தபோது, மச்சாளிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைப்போம் என்று சொன்னது நான்தான்.

தொலைபேசியை யன்னல் தட்டில் வைத்து இருவருக்கும் கேட்கும்படி பேசினோம். மச்சாள் விலையைக் கேட்கவே இல்லை. எந்தப் பாகம் பழுது என்று எழுதித் தந்தாரா என்று கேட்டார். இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தாரா? அதுவும் இல்லை. பழுதின் பெயர் எழுதாத தாளில் கையெழுத்து வைக்கக்கூடாது என்றார். வந்து பார்த்த கூலியைக் கொடுத்து அனுப்புங்கள், ஞாயிறு என்பதால் அது அதிகமாகத்தான் இருக்கும், ஆனாலும் கையில் காசாகக் கொடுக்காமல் பில் வாங்கி வங்கி வழியாகக் கட்டுங்கள், திருத்தும் கூலியில் ஒரு பங்கை வரியில் கழிக்கலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். அதன்பிறகு, அவர் யாரையும் கேட்காமல் விடாத அந்தக் கேள்வி வந்தது.

“கடைசியா எப்ப ஓடினது? ஆர் நிப்பாட்டினது?”

யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றிருக்கிறது என்று கணவர் சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கே புகுந்தேன்.

“நான்தான் மச்சாள். மார்கழிக்கு முதலே நிப்பாட்டினனான்.”

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டார். அப்போதே சொன்னேனே என்ற சொல்லுக்காக நான் காத்து நின்றேன். வந்தது வேறு. மச்சாளின் குரல் சந்தோஷத்தில் இரண்டு கட்டை மேலே ஏறியிருந்தது.

“அப்ப அது சாகேல்ல. நிண்டு இறுகிப்போச்சு. கெதியா போய் வீட்டில எங்கயும் ஈரம் இருக்கோ எண்டு பாருங்கோ.”

தண்ணீர் வரும் பெரிய குழாயைப் பூட்டிவிட்டு ஓடினோம். அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு துள்ளுகிறது. அறை அறையாகச் சுவரைத் தடவி, கூரையை அண்ணாந்து பார்த்து, இங்கே இல்லை, இங்கேயும் இல்லை என்று ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டு போனோம். குழாய் வெடித்திருந்தால், சூடாக்காத வெற்று வீட்டுக்குக் காப்புறுதிக்காரர் இலேசில் காசு தரமாட்டார் என்று மச்சாள் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே வந்தார். மேல்மாடிக் குளியலறை ரேடியேட்டரின் வால்வில் மட்டும் விரல் நீளத்துக்கு ஐஸ் தொங்கியது. கெல்லரில் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கோப்பு இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரே நிறுவனம் வந்து பார்த்துப் போனதற்கான தாள்களை அந்த யேர்மன் அம்மா வருடம் தப்பாமல் அடுக்கி வைத்திருந்தார். அதைப் புரட்டப் புரட்ட என் கணவரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. சட்டத்தரணியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னை மட்டும் கேட்டார். நான் வெளியே போய், வண்டியில் காத்திருந்தவரிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, கூலிக்குப் பில் வாங்கி அனுப்பினேன்.

கோப்பில் இருந்த நிறுவனத்தையே திங்கட்கிழமை காலையில் கூப்பிடச் சொன்னார் மச்சாள். இயந்திரம் குளிரில் ஐந்து வாரம் நின்றது என்பதை முதல் வசனத்திலேயே சொல்ல வேண்டும், நாங்கள் மறைப்பதை அவர்கள் தேடும் நேரத்துக்கும் மணிக்கணக்கில் கூலி விழும் என்றார். செவ்வாய்க்கிழமை வந்தவர், தண்ணீரைச் சுற்றியனுப்பும் பம்பின் மூக்கில் திருப்புளியை வைத்துத் திருகினார். அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தித் திருகினார். ம்ம் என்று ஒரு முனகல் எழுந்தது. வால்வை மாற்றி, குறைந்திருந்த தண்ணீரை நிரப்பினார். முந்நூறு யூரோவுக்குச் சற்று மேலே வந்தது. ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாய்ச் சூடேறுவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நான் வீடெல்லாம் சுற்றினேன். பிறகு மச்சாளைக் கூப்பிட்டு, தொலைபேசியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னும் சில வருடம் ஓடும், அதற்குள் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்றார். சின்னப் பாகம் போனால் திருத்தலாம், பெரியது போனால் மாற்றவேண்டும், மாற்றுவதென்றால் மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேளுங்கள், அரசின் உதவிப்பணத்துக்கு வேலை தொடங்க முன்னரே விண்ணப்பியுங்கள் என்றும் சொன்னார். சென்ற வருடம் அந்த நாள் வந்தது. எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே செய்தோம். இப்போது பழைய இயந்திரத்துக்குப் பதிலாக எங்கள் தோட்டத்தில் ஒரு வெப்பப் பம்ப் நிற்கிறது. மச்சாள் ஓய்வுபெற்று மகளோடு கனடாவில் இருக்கிறார். புதிதாக வீடு வாங்கும் எங்கள் ஆட்கள் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் மச்சாள் என்றதும் எனக்கு முதலில் வருவது குடிபூரல் நாள்தான். வீட்டை விற்ற அம்மாவையும் அழைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். அந்த அம்மா பால் பொங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தார், பிறகு கெல்லரை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். மச்சாளையும் கூட்டிக்கொண்டு மூவரும் இறங்கினோம். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் அவர் உள்ளங்கையை வைத்தார். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே இதைத் தூக்கி எறிவார்கள் என்று பயந்திருந்தாராம். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் செய்ததையும், அவருக்குப் போக இருந்த கடிதத்தையும் அங்கேயே கொட்டிவிட வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற மச்சாள் இயந்திரத்தையே பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

“பேசாம ஓம் எண்டு சொல்லும்.”

ஆமாம் என்று யேர்மனில் சொல்ல வேண்டியவள், பதற்றத்தில் எங்கள் தமிழிலேயே ஓம் என்றேன். என் தலையாட்டலில் அந்த அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது. மச்சாளுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.