வெளியே வராத செனான்

என் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது அவளுடைய மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்து ஒட்டிக்கொண்டது. எழுபதுகளின் கடைசி அது. ஐந்து வாரம் திருவண்ணாமலையில் நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவர் சளி என்றார், இன்னொருவர் ஆஸ்துமா என்றார். கடைசியில் மெட்ராஸுக்குப் போனோம். அங்கே எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி கெட்டிருக்கலாம், கெட்டிருந்தால் அதை அறுத்து எடுக்க வேண்டிவரும் என்றார். அதற்கு முன்னால் ஒரு சோதனை. செனான் வாயுவைச் சுவாசிக்க வைத்து, அது நெஞ்சுக்குள் எங்கெல்லாம் போகிறது என்று கேமராவில் பார்ப்பார்களாம்.

நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவள். செனான் ஒரு மந்த வாயு, எதனோடும் லேசில் சேராது என்று வருடா வருடம் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இவர்கள் கொடுக்கப்போவது கதிர்வீச்சுள்ள ஐசோடோப்பு, செனான் 133. பெயர் அதேதான், எடை வேறு. அணுகுண்டைப் பற்றிச் சொல்லும்போது கரும்பலகையில் எழுதிய கதிர்வீச்சு என்ற சொல் என் குழந்தையின் மூக்கருகில் வந்து நின்றது.

ஆஸ்பத்திரிக் கடிதத்தில் குறித்திருந்த தேதி கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்னால் விழுந்தது. கோயிலில் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் வெளியூர் போய்த் தங்கும் வழக்கமில்லை.

"தீபம் பாத்துட்டு போலாமே. அஞ்சு நாள்ல என்னா ஆயிடப் போவுது?" என்றார் என் கணவர்.

"பாதி காணாம போயிடுங்க."

"எது?"

"அந்த கேஸு. பம்பாயிலருந்து வருது. சும்மா வெச்சிருந்தாலே அஞ்சு நாளைக்கு பாதியாயிடும். இன்னும் அஞ்சு நாள்ல அதுலயும் பாதி. நமக்காக காத்துகிட்டு இருக்காது."

"கற்பூரம்னு சொல்லு" என்றவர், பையை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்தார்.

ஊருக்குள் வந்த பஸ்களெல்லாம் பிதுங்கின. நாங்கள் ஏறிய பஸ்ஸில் பாதி சீட் காலி. மலை பின்னால் போகப் போகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். போகலாம் என்று சொன்னவள் நான்தான்.

சோதனை அறையில் அவளைக் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டார்கள். கதவோரம் நிற்க என்னை மட்டும் விட்டார்கள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் மெஷினை இயக்கியவர். "உள்ள போனது ரெண்டு மூணு நிமிஷத்துல அப்படியே வெளிய வந்துடும். உடம்புல ஒட்டாது. பாப்பா, நல்லா இழு. அடக்கிக்கோ. இப்ப வுடு."

திரையில் வெள்ளைப் புள்ளிகள் மொய்த்தன. வலது பக்கம் சட்டென்று நிறைந்தது, இடது பக்கம் தயங்கித் தயங்கி. பிறகு வலது பக்கம் கறுத்துக் காலியானது. இடது பக்கம் கீழே புள்ளிகள் நின்றுகொண்டே இருந்தன. இரண்டு நிமிடம் போயிற்று. மூன்று. நான் படித்ததெல்லாம் எனக்கு எதிராகத் திரும்பியது. ஐந்து நாளைக்குப் பாதி என்று கணவரிடம் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேனே, அந்த ஐந்து நாளும் இது இவளுக்குள்ளேயே கிடந்தால்?

"ஏன் சார் வரல?"

"வரும்மா. பாப்பா, இன்னும் நல்லா ஊது." அவர் குரலில் முதலில் இருந்த சிரிப்பு இல்லை.

மெல்ல மெல்லத்தான் கறுத்தது. படங்களைப் பார்த்த டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "காத்து உள்ள போவுது, வெளிய வரத்தான் வழியில்ல. எதோ அடைச்சிருக்கு. எதையாவது முழுங்கினாளா? சாப்பிடறப்ப புரையேறிச்சா?"

"அப்படி எதுவும் இல்ல சார்" என்றார் கணவர்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிய ஞாயிற்றுக்கிழமை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வரப்பில் உட்கார்ந்து பச்சைப் பருப்பைத் தின்றுகொண்டே சிரித்தவளுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமினாள். எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தேன். உச்சந்தலையில் தட்டி, "ஒண்ணுமில்லடி, வீட்ல உங்கப்பா உன்ன நெனைக்கிறாரு" என்றேன். இருமல் அடங்கியது. இரண்டு நாள் கழித்து விசில் சத்தம் வந்தபோது இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. விஞ்ஞானம் நடத்துகிறவள்.

சொன்னேன்.

"கடலை எக்ஸ்ரேல தெரியாதும்மா. இந்த கேஸுதான் காட்டிக் குடுத்துது" என்றார் டாக்டர்.

மறுநாள் மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். பஞ்சின் மேல் ஊறிப்போன அரைப் பருப்பு. நுரையீரலை அறுக்க வேண்டியதில்லை என்றார்கள். வராந்தாவில் கணவர், "அன்னிக்கு நான் யாரயும் நெனைக்கலடி, தூங்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அவள் பத்தாவது படிக்கிறாள். சாப்பிடும்போது இருமினால் தட்டை நகர்த்திவிட்டு அவள் முதுகில் காது வைக்கிறேன், முதலில் இடது பக்கம்.

"அம்மா, ரசம் காரம்மா. வுடேன்" என்று நெளிகிறாள்.

வலது பக்கமும் கேட்டுவிட்டுத்தான் விடுகிறேன்.