அழிக்க மறந்த ஒரு ஃபோல்டர்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. மயிலாப்பூர் மாடவீதி ஒன்றில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்ன ஆபீஸில் நடந்தது. நடந்தது என்பதைவிட, நான் செய்து வைத்தது என்று சொல்வதுதான் நியாயம்.

நான் அடையாறில் இருக்கிறேன். சின்னச் சின்ன நிறுவனங்களின் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்வது என் தொழில். இருபது வருட அனுபவம். "தூக்கத்துல எழுப்பினாலும் இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன்" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

அந்த ஆபீஸ், வீட்டில் அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் ஒரு அறக்கட்டளையுடையது. பெண்கள் தங்குவது அங்கே இல்லை. கோபாலபுரத்தில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு பழைய பங்களாவில். அந்த விலாசம் வெளியாட்கள் யாருக்கும் தெரியக் கூடாது. அறக்கட்டளையின் உயிரே அந்த ரகசியத்தில்தான் இருந்தது.

செயலாளர் ஒரு மாமி. பாங்க்கில் ஓய்வு பெற்றவர், நறுக்கென்று பேசுவார். அதுவரை எல்லோருக்குமாக ஒரே ஒரு இலவச மெயில் கணக்கு வைத்திருந்தார்கள். அதன் பாஸ்வேர்டைக் காலண்டர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பதறிப்போய் நான்தான் சொன்னேன், "மாமி, சொந்த சர்வர்ல வெப்மெயில் போட்டுக்கலாம். அதுதான் பாதுகாப்பு" என்று. பாதுகாப்பு என்ற வார்த்தையை எடுத்ததே நான்தான், பாருங்கள்.

மாமி ஆடி முடியட்டும் என்றார். ஆடி முடிந்ததும் வெள்ளிக்கிழமை குறித்தார். "பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள முதல் மெயில் போயிடணும்னு பாத்துண்டிருக்கேன். முடியுமோன்னோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு. ஒரு மணி நேர வேலைதானே, முடித்துக் காட்டுகிறேன் என்றேன்.

வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மென்பொருளைச் சர்வரில் இறக்கி வைத்துவிட்டு, அதோடு வரும் இன்ஸ்டாலர் பக்கத்தைத் திறக்க வேண்டும். அது ஒவ்வொன்றாகக் கேட்கும்: மெயில் எங்கே இருக்கிறது, டேட்டாபேஸின் பாஸ்வேர்டு என்ன என்று. பதில் சொன்னால் எல்லாவற்றையும் அதுவே அமைத்துவிடும். கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும்: வேலை முடிந்ததும் இன்ஸ்டாலர் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால், அந்தப் பக்கத்தின் முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பாஸ்வேர்டு எல்லாவற்றையும் பார்க்கலாம். விவரம் தெரிந்தவனுக்கு அதை வைத்துக்கொண்டு மெயில்களுக்குள் நுழைவது பெரிய காரியம் இல்லை.

அன்று பார்த்து மாடவீதியில் கரண்ட் இல்லை. ஒன்பதரைக்குத்தான் வந்தது. நான் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்ய, மாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து இருபதுக்கு எல்லாம் பச்சையில் வந்தது. மாமி கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தனக்கே முதல் மெயிலை அனுப்பிக்கொண்டார். அதில் ஒரு பிள்ளையார் சுழி மட்டும். தேங்காய் உடைத்தார்கள். தொன்னையில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. சாப்பிட்டுவிட்டு அந்த ஃபோல்டரை அழிக்கலாம் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கை கழுவி வந்தால் மணி பத்தே முக்கால். "ராகு காலத்துல எதையும் நோண்டாதே, போறும்" என்றார் மாமி. நானும் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினேன்.

பழியை ராகு காலத்தின் தலையில் போட ஆசைதான். ஆனால் அழிப்பதற்கு ஒரே ஒரு வரி போதும், ஐந்து விநாடி வேலை. வீட்டுக்கு வந்து செய்திருக்கலாம். மறந்தே போனேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். வீட்டில் யாரும் இல்லை. புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமி போன் செய்தார். பெயரில்லாத ஒரு மெயில் வந்திருக்கிறதாம். படித்துக் காட்டினார். இரண்டே வரி: உங்கள் மெயில் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. ஈரக் கையோடு ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்து அந்த முகவரியை அடித்தேன். இன்ஸ்டாலர் பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. எட்டு நாளாக அப்படியே நின்றிருக்கிறது. ஃபோல்டரை அழித்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, சர்வருக்கு யார் யார் வந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரே இடத்திலிருந்து மூன்று தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். வந்தது யார் என்று பதிவு சொல்லாது.

மாமி லைனில்தான் இருந்தார். "என்னம்மா, சர்வர் ப்ராப்ளமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபது வருடத்தில் என்னை எத்தனையோ தடவை காப்பாற்றிய பதில் அது. மாமிக்குத் தெரியவா போகிறது? ஆனால் மாமியே அடுத்து ஒன்று சொன்னார். புது மெயில் வந்த தைரியத்தில் புதன்கிழமை வக்கீலுக்கு எழுதினாராம், அடைக்கலம் வந்திருந்த நொச்சிக்குப்பத்துப் பெண்ணைப் பற்றி. அவள் பெயர், குழந்தையின் பெயர், கோபாலபுரம் வீட்டு விலாசம், எல்லாம் அதில் இருக்கிறதாம்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு தடவை ஆபீஸில் பார்த்திருக்கிறேன். அவள் புருஷன் வெள்ளைக் கார் ஒன்றைக் கால் டாக்ஸியாக ஓட்டுகிறவன். அவன் தம்பி மொபைல் கடையில் வேலை செய்கிறவன். அதற்கு முந்தின மாதம் அவள் அத்தை வீட்டில் ஒளிந்திருந்தபோது, அந்தத் தம்பிதான் அவள் போனை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அன்று வாங்கிய வெட்டு அவள் முழங்கையில் தெரிந்தது.

"மாமி, சர்வர் இல்ல. நான்தான். என் தப்பு" என்றேன். என்ன செய்யாமல் விட்டேன் என்று சொன்னேன். மாமி திட்டவில்லை. "அப்போ அவாளை இப்பவே அங்கேருந்து கிளப்பியாகணும். எங்காத்துல வேண்டாம், என்னை எல்லாருக்கும் தெரியும்" என்றார். "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது.

மாமி சொன்ன விலாசத்தைத் தேடிக் கோபாலபுரத்தில் நான் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தெரு காலியாக இருந்தது. ஒரு வெள்ளைக் கார் மட்டும் மரத்தடியில் நின்றது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குள் அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுக் குழந்தை. என் முகத்தைப் பார்த்ததுமே அவள் கை நின்றுவிட்டது.

"இன்னாக்கா? வந்துகினு கீறானா?"

"தெரியலம்மா. ஆனா கிளம்பு" என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டாள். பை எப்போதும் தயாராகவே இருக்குமாம்.

ஆட்டோவின் இரண்டு பக்கமும் மழைக்கான ரெக்ஸினை இறக்கிவிடச் சொன்னேன். "மழையே இல்லியேம்மா?" என்றார் டிரைவர். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். சென்னையில் இத்தனை வெள்ளைக் கார்கள் ஓடுகின்றன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் குழந்தையின் தலையை மடிக்குள் அழுத்தினாள். நான் இல்லாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, இருக்கிற செயின் எல்லாம் மாட்டினேன். மாமியிடம் முகவரி கேட்டு வாங்கி, அந்தப் பெயரில்லாத மெயிலுக்குப் பதில் எழுதினேன். நீங்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து என்னிடம் பேசுங்கள் என்று என் நம்பரையும் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் யார் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

அரை மணி கழித்து காலிங்பெல் அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். ஹாலில் யாரும் இல்லை. பாத்ரூம் கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் குழந்தை தெரிந்தது. யாரும் சொல்லாமலே, தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தது. அதற்கு அது பழக்கம் போலிருக்கிறது. மறுபடியும் பெல். "அம்மா, அயர்ன் துணி!" என்று குரல் வந்தது. எங்கள் தெரு இஸ்திரிக்காரர். கதவைத் திறக்காமலே அப்புறம் வரச் சொன்னேன். பாத்ரூம் கதவைத் தட்டி, இஸ்திரிக்காரர்தான் என்று சொன்னேன்.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு பெண் குரல், ரகசியம் பேசுகிற மாதிரி. "மேடம், நான்தான் அந்த மெயில் அனுப்பினேன். பயமுறுத்தணும்னு இல்ல. பேரைப் போட்டா போலீசுக்குப் போயிடுவீங்களோன்னு பயந்துதான் போடல."

வேறு ஊர்க்காரர். வெப்சைட்டுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவருக்கு வேலையாம். மூன்று தடவை திறந்தது தான்தான் என்று நான் கேட்காமலே சொன்னார், நேரம்கூடப் பதிவோடு சரியாக இருந்தது. முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை என்றார். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒன்று விளங்கவில்லை. எங்கோ இருக்கிறவர் எங்கள் அறக்கட்டளையின் மெயிலை எதற்குச் சோதிக்க வேண்டும்? கேட்டேன்.

குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார், "என் விஷயத்த உங்களுக்கு எழுதலாம்னுதான் வந்தேன் மேடம். எழுதறதுக்கு முன்னாடி, அத வேற யாராவது படிக்க முடியுமான்னு பாத்தேன்."

"இப்ப மூடிட்டீங்களா?" என்று கேட்டார். மூடிவிட்டேன் என்றேன். "சரி" என்றார். பின்னால் ஏதோ கதவு திறக்கிற சத்தம். போன் கட்டாகிவிட்டது.

நொச்சிக்குப்பத்துப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் வரவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது, என் மறதியால்தான் இத்தனையும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போல. அவள் சொல்லவில்லை. மகளின் இன்னொரு பக்கச் சடையைப் பின்ன ஆரம்பித்தாள்.

"நீ ஒரு தபா மறந்தா திரும்பப் போய் சரி பண்ணிக்கலாம்க்கா. நான் ஒரு தபா மறந்தா செத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. பத்து நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பிறகு மாமி வேறு ஊரில் ஏற்பாடு செய்தார். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் அந்தச் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாமி என்னை மாற்றாதது அவர் பெருந்தன்மை. போனில் பேசிய அந்தப் பெண் அப்புறம் தன் கதையை எழுதினாரா, எங்கேயாவது போய்ச் சேர்ந்தாரா என்று நினைக்காத நாள் இல்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் போதும். எந்த மெயிலையும் திறந்து பார்க்கிற அதிகாரம் என் கையில்தான் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. தான் எழுதுவதை யாரும் படிக்கக் கூடாது என்று அவர் பயந்தாரே, அந்த யாரும் என்பதில் நானும் அடக்கம் என்று புரிந்துகொள்ளத்தான் எனக்கு இருபது வருடமும் அந்த ஒரு பகலும் தேவைப்பட்டிருக்கிறது.