மருத மரத்தடியில்

திருப்பூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிப் பாடம் நடத்த அமராவதி அணைக்கு அப்பால் அழைத்துப் போனேன். பாதையில் கிடந்த யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறி, அதில் முளைத்திருந்த விதைகளைக் காட்டினேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே ஆர்வமாகப் பார்த்தார்கள்.

திரும்ப வேனில் ஏறும்போதுதான் ஒரு சிறுமி இல்லை என்று தெரிந்தது. பனியன் கம்பெனி வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் அவள். மற்ற பிள்ளைகளை வேன் ஓட்டுநரிடம் விட்டுவிட்டு இறங்கினேன்.

"பயப்படாதீங்க டீச்சர், தூரம் போயிருக்காதுங்க" என்றார் கூட வந்த வனக்காவலர். சொல்லிக்கொண்டே அவர் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஆற்றோரம் ஒரு மருத மரத்தில் சாய்ந்தபடி அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தாள்.

"வழி தெரியலன்னா நின்ன எடத்துலயே நிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? மொதல்ல அழுதேன் டீச்சர். பொறவு அது வந்துச்சு."

மேலே ஒரு மலையணில், நீண்ட வாலைத் தொங்கவிட்டுக் காயைக் கொறித்துக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. காவலர் தொப்பியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வேனில் என் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். உடுமலை தாண்டும்வரை நான் அசையவே இல்லை.