கயிற்றின் அந்தப் பக்கம்

போன வருடத்துக்கு முந்தின கார்த்திகையில் நடந்தது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகப் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். தகரக் கூரை போட்ட சின்னக் கடை, அதுதான் என் பிழைப்பு. தீபத்துக்காகக் கற்பூரம், திரி, விபூதி எல்லாம் வாங்கி நிரப்பியிருந்த நேரத்தில், புயல் வருகிறது என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். கூரை பறந்தால் அத்தனையும் நனைந்து வீணாகிவிடும்.

என் மனைவி காலமான பிறகு வந்த முதல் மழைக்காலம் அது.

காலையிலிருந்து ஒவ்வொரு வேலையாகச் செய்தேன். சரக்கைப் பாலிதீனில் சுற்றிப் பலகை மேல் ஏற்றினேன். சிமெண்ட் சாக்கில் மண் போட்டு வாசலில் அடுக்கினேன். பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன். மீதி இருந்தது கூரை. தகரத்தின் மேல் குறுக்காகக் கயிறு போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். நான் முன்பக்கமிருந்து வீசுவேன். பின்பக்கம் அவள் பிடித்துக்கொண்டு, “வந்துச்சு, இழுங்க” என்பாள். எல்லா வருடமும் அப்படித்தான்.

பக்கத்து இளநீர்க் கடைக்காரர் தன் கடையைக் கட்டிவிட்டுக் கிளம்பினார். “அண்ணே, காத்துல கடை பறக்குதோ இல்லியோ, நீங்க பறந்துடுவீங்க. மொதல்ல உங்களத்தான் கட்டி வைக்கணும்” என்று சிரித்தார். ஒரு கை பிடிக்கட்டுமா என்றும் கேட்டார். கீழ்பென்னாத்தூர் போகிற பஸ் நின்றுவிடும், போங்க என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். “கடை போனா போவட்டும்பா. நீ வீட்டுக்குப் போ.” வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

நுனியில் கல்லைக் கட்டிக் கயிற்றை வீசினேன். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவதற்குள் எதிர்க்காற்று அதைத் திருப்பித் தள்ளிவிட்டது. மறுபடி வீசினேன். மறுபடியும் அதே கதை. பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. தூறல் மழையாக மாறிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை வீசியபோது கயிறு என் கையில் விறைத்தது. அந்தப் பக்கம் யாரோ இழுக்கிறார்கள்.

“யாருங்க?” என்றேன்.

போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. காலில் செருப்பில்லை. நனைந்த புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றார். உதட்டில் விரல் வைத்து மலையைக் காட்டினார். மௌன விரதமாகக் கிரிவலம் வருகிறவர் என்று புரிந்தது.

பிறகு ஒவ்வொரு கயிறாக வீசினேன். பிடித்ததும் அவர் ஒரு சுண்டு சுண்டுவார், நான் இழுத்துக் கட்டுவேன். அவர் பேசாததாலோ என்னவோ, நான் பேச ஆரம்பித்துவிட்டேன். கூரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மனைவி நோயில் படுத்ததை, ஓர் ஆளுக்கு அளவாகச் சமைக்கத் தெரியாமல் தினமும் சோறு மீந்து போவதை, எல்லாம் உரக்கச் சொன்னேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை. அவர்கள் சீக்கிரமே ஆறுதல் சொல்லி முடித்துவிடுவார்கள்.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, “ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்கம்மா, ஃப்ளாஸ்க்ல இருக்குது” என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனேன். அவர் இல்லை. பாதைக்கு ஓடி வந்தேன். தூரத்தில், மலையைக் கும்பிட்டபடி மழையில் நடந்துகொண்டிருந்தார். கூப்பிட மனம் வரவில்லை. நான் சொன்னதில் அவர் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது.

புயல் ஓய்ந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு தகரம்கூட நகரவில்லை, சரக்கும் நனையவில்லை. மகளிடம் நடந்ததைச் சொன்னேன். “அம்மாவே வந்தாங்கனு சொல்லப் போறியாப்பா?” என்றாள். “இல்லம்மா. அவங்க வேற யாரோதான்” என்றேன்.

அவர் எந்த ஊர், எந்த வேண்டுதலுக்காக அந்த மழையில் நடந்தார், ஒன்றும் எனக்குத் தெரியாது. குரலைக்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் தினமும் கடை திறந்து விளக்கேற்றும்போது, அந்த அம்மா வேண்டியது நடக்க வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் கேட்கிறேன். எனக்கென்று கேட்க எதுவும் தோன்றாத நாட்களிலும், அவருக்காகக் கேட்கச் சாமி முன்னால் போய் நிற்கிறேன்.