மணலில் பிறேக் போடக்கூடாது

இரண்டு முறை ஓட்டுநர் பரீட்சையில் கோட்டை விட்டவள் மூன்றாம் முறை போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க, அவளை மணல்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன குடும்பம் ஹனோவரிலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். யோசனை என் கணவருடையது. இப்படியான யோசனைகள் எல்லாம் அவருக்குத்தான் வரும்.

எட்டு வருடம் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்து என் முதுகு போய்விட்டது. அதற்கிடையில் விழுந்து எழும்பிப் படித்து, வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்குத் தகுதி எடுத்தேன். வேலையும் கிடைத்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி வரலாம், ஆனால் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை டெர்மின், அதாவது குறித்துத் தந்த நாள். அதையும் விட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த வேலை அதுவரை எனக்காகக் கைகட்டி நிற்குமா?

முதல் தரம் வலது பக்கத்தால் வந்த காருக்கு வழி விடாமல் போனேன். இரண்டாம் தரம் பச்சை விளக்கில் நின்றேன். அது திரும்பச் சிவப்பாகும் வரைக்கும் நின்றேன். எனக்கு ஓடத் தெரியாமல் இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், பயிற்சி மைதானத்தில் பக்கத்தில் இருந்து இவர் கத்திய கத்தெல்லாம் மண்டைக்குள் எழும்பிவிடும். "பிறேக்! பிறேக்! கிளச்சை விடும்! ஐயோ, விடாதையும்!" விடுவதா, விடாமல் இருப்பதா? அந்த மனிதனுக்கே தெரியாது.

"அங்கை ஒரு சுலபமான பாதை இருக்காம். அதை ஒழுங்கா ஓடிக் காட்டும்," என்றார். "ஓடினால் டெர்மின் இருக்கட்டும். ஏலாட்டி, திங்கக்கிழமை நானே ஃபோன் பண்ணி வேண்டாமெண்டு சொல்லுறன். மூண்டாந்தரமும் ஏன் மானம் போகவேணும்? நான் ஏத்தி இறக்க மாட்டனோ?"

"பாப்பம்," என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஒரு சொல் போதாதுதான்.

இடம் ஹம்பேர்க் பக்கம் போகும் வழியில் இருந்தது. ஒரு காலத்தில் இராணுவம் டாங்கிகளை ஓட்டிப் பழகிய நிலம். உழுது போட்ட மணல் அப்படியே கிடந்தது. பிறகு யாரோ வாங்கி, ஜீப் வைத்திருக்கிறவர்கள் வந்து ஓடலாம் என்று திறந்துவிட்டார்கள். தனியார் நிலம் என்பதால் லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். அந்த ஊர்ச் சனம் அதைப் பாலைவனம் என்றது. பைன் மரங்களுக்கு நடுவில் கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மணல்தான். பச்சைத் தடி நட்ட பாதை புதியவர்களுக்கு. கறுப்புத் தடி நட்டது, வாழ்க்கை வெறுத்தவர்களுக்கு.

நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் நம் சனம் எங்காவது இரண்டு பேராகப் போயிருக்கிறதா? எசன் நகரில் இருந்து மச்சாளும், அதுதான் இவருடைய தமக்கையும், அவவின் கணவரும் முதல் நாளே வந்து இறங்கிவிட்டார்கள். மச்சாள் விடியற்காலையில் எழும்பிப் புட்டு அவித்து, கோழிக்கறி காய்ச்சி, அண்டா மாதிரி ஒரு பானையில் நிரப்பினா. தண்ணீர்ப் போத்தல் இரண்டு பெட்டி, பாய், அடுப்புக்கரி, ஒரு முழு வத்தகப்பழம். அந்தக் கோடையில் ஜெர்மனி முழுக்கக் கார்களில் உதைபந்தாட்டக் கொடி பறந்தது. எங்கள் பழைய ஜீப்பில் கொடி குத்தவும் இடம் இருக்கவில்லை.

"பாரம் கூட," என்று இவர் காலையிலேயே பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, நாலு டயருக்கும் கல்லுப் போலக் காற்று அடித்தார்.

வாசலில் நின்ற தொப்பிக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மணலுக்குள் இறங்க முதல் டயரில் பாதிக் காற்றைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதையும் என்று ஜெர்மனில் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்த ஆள் அங்கால் போனதும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் மன்னாரிலை பிறந்தவன். எனக்கு மணலைப் பற்றிப் படிப்பிக்கிறார்! காத்தைத் திறந்து விடுறதோ? ஊரிலை பகைக்காரன்தான் அந்த வேலை செய்வான்."

மச்சாளின் கணவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அவர் எதற்கும் ஓம் என்பார். ஒருவரும் காற்றுத் திறக்கவில்லை.

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினேன். இவர் பக்கத்தில். பின்னால் மச்சாள் செபமாலையை எடுத்து, நான் கியர் போடும் முன்பே அருள்நிறை மரியாயே தொடங்கிவிட்டா. முதல் நூறு மீட்டர் நன்றாகத்தான் போனேன். சத்தியமாக. பிறகு ஒரு சின்ன ஏற்றம் வந்தது. சின்ன என்றால், நம் வீட்டுப் படிக்கட்டே அதைவிட உயரம்.

"பிறேக்!" என்று இவர் அலறினார்.

கால் தானாக அழுத்தியது. வண்டி நின்றது. நின்றது மட்டும் இல்லை, மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கியது. "மிதியும்! மிதியும்!" என்றார். மிதித்தேன். பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. கறிப்பானை மூடியைத் தள்ளிக்கொண்டு மச்சாளின் சேலையில் பாதியை இறக்கியது.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் இவர். எப்போது, எதைச் சொன்னார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். "முடிஞ்சுது. நாளைக்கு ஃபோன் பண்ணுறன்."

"ஓம், பாவம், விடட்டும்," என்றார் மச்சாளின் கணவர்.

நான் எஞ்சினை அணைத்தேன். அந்த நேரம் தொப்பிக்காரர் மணலில் நடந்து வந்தார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். டயரை விரலால் தட்டிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், பானையையும் பார்த்தார். "எல்லோரும் இறங்குங்கள். எல்லாவற்றையும் இறக்குங்கள். ஓட்டுகிறவர் மட்டும் இருக்கட்டும்," என்றார். நாலு டயரிலும் அவரே காற்றைத் திறந்துவிட்டார். இவர் தன் சொந்த மூச்சு போவது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட விரிக்கக் கொண்டுவந்த பாயைப் பின்சக்கரத்துக்குக் கீழே திணித்தார்கள்.

"இரண்டாம் கியர். மெல்ல. வெளியே வந்தால் நிற்காதே, போய்க்கொண்டே இரு," என்றார் தொப்பிக்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

வண்டி ஒரு முக்கு முக்கியது. பிறகு பாயில் ஏறி வெளியே வந்துவிட்டது.

நான் நிற்கவில்லை. பின்னால் யாரோ கத்துவது கேட்டது, கண்ணாடியை உயர்த்தினேன். அப்பாடா, என்ன அமைதி! பச்சைத் தடி, அடுத்த பச்சைத் தடி. ஏற்றத்தில் மிதித்தேன், இறக்கத்தில் காலை எடுத்தேன். வளைவில் வண்டி மெல்ல வழுக்கியது, நானும் அதன் போக்கில் திருப்பினேன். ஒருத்தரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. நான் வாய் விட்டுச் சிரித்தேன், பைத்தியக்காரி மாதிரி. முழுப் பாதையையும் சுற்றி அவர்களிடமே திரும்பி வந்தேன். மச்சாள் வத்தகப்பழத்தை ஒக்கலில் வைத்துக்கொண்டு மற்றக் கையை ஆட்டினா.

"டெர்மின் இருக்குது!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

இவர் முகம் கறுத்துப் போயிற்று. "அது... நான் வெள்ளிக்கிழமையே ஃபோன் பண்ணி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

ஞாயிற்றுக்கிழமை ஓடிக் காட்டு என்ற மனிதன், வெள்ளிக்கிழமையே தீர்ப்பு எழுதிவிட்டார். நான் திரும்ப ஏறிக் கதவை அடித்துச் சாத்திவிட்டு, இன்னொரு சுற்றுப் போனேன். அந்தச் சுற்று முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். ஒரு இடத்திலும் புதையவில்லை.

திங்கட்கிழமை காலை இவர் ஃபோனை எடுத்து, "நான் கதைச்சுக் கேக்கிறன்," என்றார். அவர் கையில் இருந்து பறித்தேன். ஓட்டுநர் பள்ளிப் பெண், "உங்கள் கணவர் உங்களுக்கு வேண்டாமென்றாரே?" என்றாள்.

"அவருக்குத்தான் வேண்டாம். எனக்கு வேண்டும்," என்றேன், என் உடைந்த ஜெர்மனில். வியாழக்கிழமை இடம் இன்னும் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை தேர்வாளர் பின் சீற்றில் இருந்து இடம், வலம் என்றதைத் தவிர வாயே திறக்கவில்லை. பாஸ். வெளியே காத்து நின்ற இவர் விரலில் ஆட்டிக்கொண்டிருந்த ஜீப் திறப்புக்குக் கையை நீட்டினேன். தந்துவிட்டுப் பக்கத்தில் ஏறினார். மூன்றாம் சந்தியில் கேட்டார்.

"பத்து வருஷமா எங்கை போறதெண்டாலும் என்னைத்தானே கேட்டனீர். இனி நான் என்னத்துக்கு?"

திரும்பிப் பார்த்தேன். மனிதன் உண்மையாகவே கேட்டார், கண் கலங்கியிருந்தது. கோபம் இருந்த இடத்தில் எனக்கு ஐயோ என்றாகிவிட்டது.

"பக்கத்திலை இருக்கத்தான்," என்றேன். "கத்தாமல்."

"றோட்டைப் பாரும்," என்றார்.