அம்மாவின் முகம் தெளிந்த வருடம்

பண்டமாரானில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் என் பட்டமளிப்புப் படம் மாட்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் வாசலுக்கு நேராகத்தான் மாட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வருகிறவர்கள் என் அங்கியைக் கவனிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் அம்மாவைத்தான் பார்க்கிறார்கள். உருண்டு, மினுமினுத்து, ஒரு சுருக்கமும் இல்லாத முகம்.

அந்தப் படத்துக்கு முந்தைய வருடம் அம்மாவால் இடியாப்பம் பிழிய முடியாமல் போயிருந்தது. விடியுமுன் பிழிந்தால்தான் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்க முடியும். அம்மாவின் விரல்கள் மடங்காத நேரமும் அதுதான். இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கியிருக்கும். சுடுநீரில் வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகே கொஞ்சம் அசையும். ஒரு கிளினிக்கில் வயசு என்றார்கள். இன்னொன்றில் யூரிக் ஆசிட் என்று சொல்லி நெத்திலியை நிறுத்தினார்கள். அத்தை மட்டும் உறுதியாக இருந்தார்.

"காத்து உள்ள போயிருச்சு. ஜாமு சாப்பிட்டா எறங்கிரும்."

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் மலாய் வேர் மருந்து அது. பழுப்பு நிற மாத்திரை. சில நாள்களிலேயே அம்மா தேங்காய் திருகினார். அடுத்த வாரம் இடியாப்ப உரலைக் கழுவி வெயிலில் வைத்தார். மாதங்கள் போகப் போக முகம் பூரித்தது. பக்கத்து வீட்டு ஆன்டிக்கு வாய் சும்மா இருக்காது.

"டிகிரி வாங்குனது மக, பளபளன்னு இருக்கிறது நீங்க. மாப்பிள்ள யாருக்குப் பாக்குறாங்க?"

"போ லா!" என்று அம்மா சிரித்தார்.

என் பட்டம்தான் அம்மாவைத் தேற்றியது என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்க எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு ஜாமு விற்கிறவர் ஊருக்குப் போனார். மாத்திரை தீர்ந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலையில் இருந்தபோது அப்பா போன் செய்தார். அம்மாவால் எழுந்து நிற்கவே முடியவில்லை. வீக்கம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பியிருந்தது. அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

"வேற மருந்து ஏதும் சாப்பிடறீங்களா, ஆன்டி?" என்று கேட்டார் இளம் தமிழ் டாக்டர்.

"இல்ல டாக்டர்."

அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மருந்து என்றால் கிளினிக்கில் கொடுப்பது. ஜாமு அந்தக் கணக்கில் வராது. நானும் தலையாட்டினேன்.

டாக்டர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். கையை ஏந்தி, தோலில் தானாகக் கன்றியிருந்த இடங்களைப் பார்த்தார். "ஜாமு?" என்றார்.

"அது வெறும் வேரு தானே?" என்றார் அம்மா.

அந்த மாதிரி மாத்திரைகள் பலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலக்கிறார்கள் என்று டாக்டர் விளக்கினார். அது வலியையும் வீக்கத்தையும் அமுக்கும். முகத்தை ஊத வைக்கும். நோய் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் விரல் எலும்புகளின் ஓரங்கள் அரித்திருந்தன. நோயின் பெயர் முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். இனி பரவாமல் தடுக்கப் பார்க்கலாம், அரித்தது திரும்பாது என்றார் டாக்டர். "முன்னாடியே வந்திருந்தா..." என்று தொடங்கி, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திடீரென்று நின்றால் ஆபத்து என்று மருத்துவமனையிலேயே ஸ்டீராய்டை அளவாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். புது மருந்து மெதுவாகத்தான் வேலை செய்கிறது. வீக்கம் ஓரளவு அடங்கியது, விரல்கள் நிமிரவில்லை. முகம் வற்றிப் பழையபடி ஆனது. இப்போது அப்பாதான் உரலைப் பிடிக்கிறார். இடியாப்பம் தட்டில் ஒரு பக்கமாகக் குவிகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கையச் சுத்துங்க, கையச் சுத்துங்க" என்கிறார்.

போன தீபாவளிக்கு அத்தை வந்தார். படத்தைக் காட்டி, "ஜாமு சாப்பிட்டப்ப எப்படி இருந்தா! ஆஸ்பத்திரி மருந்து ஆளையே உருக்கிருச்சு" என்றார். எக்ஸ்ரேயில் கண்டதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அத்தை முறுக்கை மென்றபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பின் நாற்காலி போட்டு ஏறினேன். கண்ணாடிக்குள், அந்த முகத்துக்குக் கீழே, என் பூங்கொத்தைப் பிடித்திருக்கும் அம்மாவின் விரல்கள் அப்போதே சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"ஏன்டி கழட்டுற?"

"பாக்க முடியலம்மா."

"கெடக்கட்டும் விடு," என்றார் அம்மா. "அந்த வருசம் எனக்கு வலியே இல்ல."